சிந்தி மொழியைப் பிறர் கற்ற வரலாறு

சிந்தி என்பது சிந்து ஆற்றின் கீழ்ப்பகுதியில் வழங்கும் இந்தோ ஆரிய மொழி. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் இதுவே பெரும்பான்மையோர் மொழி. அந்நாட்டின் 2017ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சுமார் 3 கோடிப் பேருக்கு இது தாய்மொழி. இந்தியாவில் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு சிந்தி என்ற தலைப்பின் கீழ் 27.7 லட்சம் பேரைக் காட்டுகிறது. அந்தத் தொகையில் குஜராத்தின் கச்சி மொழி பேசுவோர் பத்து லட்சம் பேர் அடங்குவர் என்பதால், சிந்தியையே தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 17 லட்சம்தான். இந்திய அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றிருந்தும் இம்மொழிக்கு இந்தியாவில் ஒரு மாநிலம் கிடையாது.

மாநிலம் இல்லாத மொழியை யார் கற்பார்கள், யாருக்குக் கற்பிப்பது, எந்த எழுத்தில் கற்பிப்பது ஆகிய கேள்விகள் 1840கள் முதல் இன்றுவரை சிந்தியைப் பின்தொடர்கின்றன. ஆங்கிலேய அதிகாரி, ஜெர்மானியப் பாதிரியார், புனேயில் பயிற்சிக்கு வந்த பள்ளி ஆசிரியர், அமெரிக்கக் கோடை வகுப்பு மாணவர் எனப் பலரும் இம்மொழியை வெளியிலிருந்து வந்து கற்றிருக்கின்றனர். அந்த வரிசையில் கடைசியாக வந்து நிற்பவர்கள் சிந்திக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளே.

கற்பவர் இடறும் இடங்கள்

சிந்தியில் 'மொழி' என்பதற்குரிய சொல் 'போலி'. (தமிழில் போலி என்றால் வேறு பொருள், இரண்டிற்கும் தொடர்பில்லை.) 'நாக்கு' என்பதற்குரிய சொல் 'ஜிப'. இந்த இரண்டு சொற்களின் முதல் எழுத்தையும் வெளியார் முதல் முயற்சியில் சரியாகச் சொல்லிவிட முடியாது. போலியில் வரும் 'ப', 'பஸ்' என்ற சொல்லில் நாம் ஒலிக்கும் 'ப' போன்றதுதான். ஆனால் உதடுகள் மூடியிருக்கும்போது குரல்வளை சற்றுக் கீழே இறங்கும்; உதடுகள் திறக்கும் கணத்தில் வாய்க்குள் காற்று கொஞ்சம் உள்வாங்கப்படும். இப்படி உள்வாங்கி ஒலிக்கும் மெய்கள் சிந்தியில் நான்கு. 'ப', 'ட', 'ஜ', 'க' ஆகியவற்றின் அதிர்வொலிகளுக்கு ஒன்று வீதம் அமைந்தவை அவை. இந்தியிலோ மராத்தியிலோ இவை இல்லை.

இது வெறும் உச்சரிப்பு நயம் அன்று. சாதாரணமாக ஒலித்தால் 'பாரு' என்பது சுமை. உள்வாங்கி ஒலித்தால் 'பாரு' என்பது குழந்தை. முன்னது பாரசீகத்திலிருந்து வந்த சொல், பின்னது பிராகிருத வழியில் வந்த சொல். பழைய சொற்களின் முதலில் வந்த மெய்கள் உள்வாங்கும் ஒலிகளாக மாறிவிட்டன. பிற்காலத்தில் கடன் வாங்கிய சொற்கள் அப்படியே நின்றுவிட்டன. ஆங்கில மொழியியலாளர் ஆர். எல். டர்னர் 1924இல் இவ்வொலிகளைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். சொல் எந்த வழியாக மொழிக்குள் நுழைந்தது என்பதைச் சிந்தி பேசுபவரின் தொண்டை இன்னும் நினைவில் வைத்திருக்கிறது எனலாம்.

இரண்டாவது இடர், சொல்லின் கடைசியில் வரும் குற்றுயிர். சிந்திச் சொற்கள் உயிரில் முடிபவை. 'கிதாப்' என்று இந்தியில் மெய்யில் முடியும் சொல் சிந்தியில் 'கிதாபு' ஆகும். அந்த உகரம் காதில் விழுந்தும் விழாமலும் மெலிந்து நிற்கும். குற்றியலுகரம் படித்த தமிழ் மாணவருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. 'கப்' என்ற ஆங்கிலச் சொல்லைக் 'கப்பு' ஆக்கிக்கொள்ளும் நாக்குத்தானே நம்முடையது! இரண்டு மொழிகளுக்கும் இதனால் உறவு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒப்புமை கற்பதற்கு உதவும், அவ்வளவே. ஆனால் சிந்தியில் அந்த மெலிந்த உயிருக்கு ஒரு பெரிய வேலை உண்டு. 'கிதாபு' என்றால் ஒரு புத்தகம். 'கிதாப' என்றால் பல புத்தகங்கள். ஒருமையையும் பன்மையையும் பிரிப்பது அந்தக் கடைசி உயிர் ஒன்றே.

மூன்றாவது, வினையின் ஒட்டுகள். தமிழில் 'அடித்தேன்' என்றால் அடித்தவர் யார் என்பது வினைமுற்றிலேயே தெரியும். சிந்தி ஒரு படி மேலே போகும். 'மாரியோமான்ஸி' என்ற ஒரே சொல்லில் அடித்தவர் நான், அடிபட்டவர் அவர் என இரண்டும் அடங்கும்.

1843க்குப் பின்: அதிகாரிகள் மாணவர்களாதல்

1843 பிப்ரவரியில் மியானிப் போரில் சிந்துவின் தால்பூர் மீர்களைச் சார்லஸ் நேப்பியர் வென்றார். 1847இல் சிந்து பம்பாய் மாகாணத்தோடு இணைக்கப்பட்டது. அப்போது அரண்மனையிலும் அலுவலகத்திலும் எழுதப்பட்ட மொழி பாரசீகம். மீர்களிடம் கணக்கும் கடிதமும் எழுதிவந்த ஆமில்கள் என்ற இந்து எழுத்தர் பிரிவினர் பாரசீகத்தில் தேர்ந்தவர்கள். ஊரில் பேசப்பட்ட மொழி சிந்தி. அந்த மொழியை முஸ்லிம் அறிஞர்கள் அரபி எழுத்தில் ஒருவிதமாகவும், இந்து வணிகர்கள் குதாபாதி முதலிய தம் கடைக்கணக்கு எழுத்துகளில் வேறுவிதமாகவும், இஸ்மாயிலிக் கோஜாக்கள் கோஜ்கி எழுத்திலும் எழுதி வந்தனர். வணிகர் எழுத்துகளில் பெரும்பாலும் உயிர்க்குறிகள் போடுவதில்லை. எழுதியவரே மறுநாள் படிக்கத் திணறுவார் என்று கேலி பேசப்பட்டது.

இந்தச் சூழலில் சிந்தி கற்க வந்தவர்களுள் பெயர்பெற்றவர் ரிச்சர்டு பர்ட்டன். 1844இல் சிந்துவுக்கு வந்த இந்த இளம் படை அதிகாரி, புஷேர் துறைமுகத்திலிருந்து வந்த மிர்சா அப்துல்லா என்ற வணிகராக வேடமிட்டுக் கடை வைத்தார். பேரீச்சம்பழம், வெல்லப்பாகு, புகையிலை ஆகியவற்றை விற்றபடி ஊர்ப்பேச்சைக் கேட்டார். பாதி அரபு, பாதி பாரசீகர் என்று சொல்லிக்கொண்டதால் சிந்தியில் பிழை வந்தாலும் யாரும் சந்தேகப்படவில்லை. இந்த வேடத்தைச் சாகசமாகப் புகழ்வோர் உண்டு. ஆயினும், வென்ற நாட்டை உளவு பார்க்கும் பணியோடு கலந்த படிப்பு அது என்பதை மறந்துவிடலாகாது. 1851இல் சிந்து நாட்டையும் அதன் மக்களையும் பற்றிய அவரது நூல் வெளிவந்தது.

பர்ட்டனின் சமகாலத்தவரான ஜார்ஜ் ஸ்டாக் வேறு வகையான மாணவர். ஹைதராபாத்தில் (இது சிந்துவிலுள்ள ஹைதராபாத்) பணியாற்றிய இவர் 1849இல் சிந்தி இலக்கணம் ஒன்றையும் ஆங்கிலம் சிந்தி அகராதி ஒன்றையும் வெளியிட்டார். இரண்டிலும் சிந்திச் சொற்கள் தேவநாகரியில் அச்சாயின. அவருடைய சிந்தி ஆங்கில அகராதி அவர் மறைந்த பின் 1855இல் வந்தது.

அக்காலச் சிந்துவின் ஆணையராக இருந்த பார்ட்டில் ஃபிரேர், அதிகாரிகள் சிந்தியில் தேர்வு எழுதித் தேற வேண்டும் என்றும், பாரசீகத்தின் இடத்தில் சிந்தி அலுவல் மொழியாக வேண்டும் என்றும் ஆணையிட்டார். தேர்வு என்று வந்துவிட்டால் பாடநூல் வேண்டும். பாடநூல் என்றால் எழுத்து வேண்டும். எந்த எழுத்து?

1853ஆம் ஆண்டின் முடிவு

ஸ்டாக் தேவநாகரியை ஆதரித்தார். கடைசிக் குற்றுயிர் வரை பிழையின்றி எழுத அது வசதியானது என்பதில் ஐயமில்லை. பர்ட்டன் அரபி எழுத்தை ஆதரித்தார். மக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். படித்த ஆமில்களுக்கும் பழக்கமானது பாரசீக எழுத்துதான். ஆகவே நாகரி எழுத்து யாருக்கும் சொந்தமாக இராது என்பது அவர் தரப்பின் வாதம். வணிகர் எழுத்தைத் திருத்திப் பயன்படுத்தலாம் என்ற யோசனையும் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் முடிவு அரபி எழுத்துக்குச் சாதகமாக அமைந்தது. துணை ஆணையர் பி. எச். எல்லிஸ் தலைமையில் இந்து, முஸ்லிம் அறிஞர்கள் அடங்கிய குழு ஒன்று எழுத்துகளை வரையறுத்தது. 1853இல் 52 எழுத்துகள் கொண்ட சிந்தி நெடுங்கணக்கு நடைமுறைக்கு வந்தது. இன்றும் சிந்துவில் வழங்குவது அதுவே.

அரபியில் 28 எழுத்துகள், சிந்தியில் 52. கூடுதலாக வந்தவற்றுள் பெரும்பாலானவை பழைய வடிவங்களின் மேலும் கீழும் புள்ளிகள் கூட்டி உண்டாக்கியவை. உள்வாங்கி ஒலிக்கும் நான்கிற்கும் தனித்தனி எழுத்து கிடைத்தது. மூச்சொலி சேர்ந்த மெய்கள் பலவற்றுக்கும் தனி வடிவம் கிடைத்தது. உருது எழுதுவோர் இரண்டு குறிகளைச் சேர்த்து எழுதும் ஒலிகள் சிலவற்றைச் சிந்தியில் ஒரே எழுத்தால் எழுதலாம். மெய்களைப் பொறுத்தவரை இது மிகத் துல்லியமான எழுத்து என்று துணிந்து சொல்லலாம். அதே வேளையில் அரபியிலிருந்து வந்த சொற்களின் எழுத்துக்கூட்டலைக் காப்பதற்காக, 'ஸ' ஒலிக்கு மூன்று எழுத்துகளும் 'இசட்' ஒலிக்கு நான்கு எழுத்துகளும் அப்படியே வைத்துக்கொள்ளப்பட்டன. அரபிச் சொல் எது என்று தெரியாத மாணவன் எதை எழுதுவது என்று விழிக்க வேண்டியதுதான்.

உயிர்களில்தான் சிக்கல். அரபி எழுத்தில் குற்றுயிருக்குக் குறி உண்டு என்றாலும் வழக்கத்தில் அதை எழுதுவதில்லை. எனவே 'கிதாபு', 'கிதாப' என்ற இரண்டும் தாளில் ஒன்றுபோலவே தோன்றும். சிந்தி அறிந்தவர் முன்னே வரும் அடைமொழியைப் பார்த்து உடனே பிரித்துக்கொள்வார். 'வடோ' என்றிருந்தால் பெரிய புத்தகம் ஒன்று, 'வடா' என்றிருந்தால் பெரிய புத்தகங்கள் பல. நெட்டுயிர் எழுதப்படுவதால் அங்கே குழப்பமில்லை. மொழியை முன்பே அறிந்தவருக்கு இந்த எழுத்து போதும். அறியாதவர் யாராவது ஒருவர் வாயிலிருந்து கேட்டே தீர வேண்டும். எழுத்தைத் தேர்ந்தவர்கள் அக்காலத்தில் சிந்திச் சூழலிலேயே வாழ்ந்தவர்கள். காதில் எப்போதும் சிந்தி விழுந்துகொண்டிருந்தது. சிந்தி காதில் விழாத ஊரில் சிந்திப் பிள்ளைகள் வளர்வார்கள் என்று 1853இல் யாரும் எண்ணியிருக்க முடியாது.

வணிகர்களின் குதாபாதி எழுத்தை உயிர்க்குறிகள் சேர்த்துச் சீர்படுத்தி இந்துப் பள்ளிகளில் கற்பிக்கும் முயற்சி 1860களில் நடந்தது. கல்வித் துறையிலிருந்த நாராயண் ஜெகந்நாத் வைத்யா அதற்குப் பொறுப்பு. அரசு வேலைக்கு அரபி எழுத்தே பயன்பட்டதால் அந்த முயற்சி நிலைக்கவில்லை.

பாதிரியாரும் அடிமையின் மகனும்

ஜெர்மனியைச் சேர்ந்த எர்னஸ்ட் டிரம்ப் சமயப் பணிக்காகக் கராச்சி வந்து சிந்தி கற்றவர். சிந்தியின் தலைசிறந்த கவி ஷா அப்துல் லத்தீபின் (1689-1752) பாடல் தொகுதியான 'ஷா ஜோ ரிசாலோ' முதன்முதலாக அச்சேறியது அவர் பதிப்பில்தான். 1866இல், லைப்சிக் நகரில். பீட்ஷா என்னும் ஊரிலுள்ள கவியின் அடக்கத்தலத்தில் பக்கீர்கள் பாடிவந்த பாடல்கள் ஜெர்மனியில் நூலாயின என்பது இன்றைக்கும் சிந்தியர் வியப்போடு சொல்லும் செய்தி. 1872இல் டிரம்ப் வெளியிட்ட சிந்தி இலக்கணம் சமஸ்கிருதம், பிராகிருதம், பிற வட இந்திய மொழிகள் ஆகியவற்றோடு சிந்தியை ஒப்பிட்டது. இம்மொழியைப் பாடமாகப் படிப்போர் இன்றும் அந்நூலைத் தேடிப் போகின்றனர்.

புதிய எழுத்து வந்த அதே 1853இல் ஹைதராபாத் அருகே மிர்சா கலிச் பேக் பிறந்தார். நாவல், நாடகம், மொழிபெயர்ப்பு, வரலாறு என்று நூற்றுக்கணக்கான நூல்களை எழுதி நவீன சிந்தி உரைநடைக்கு அடித்தளமிட்டவர் அவரே. 1890இல் வந்த அவரது 'ஜீனத்' சிந்தியின் தொடக்கக் கால நாவல்களுள் முக்கியமானது. அவருடைய தந்தை பரிதூன் பேக் ஜார்ஜியா நாட்டில் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதிலேயே பிடிபட்டு, அடிமையாகக் கைமாறிச் சிந்துவின் மீர்களிடம் வந்து சேர்ந்தவர். அதாவது, சிந்தி உரைநடையின் முன்னோடியின் வீட்டில் தந்தைக்குச் சிந்தி கற்ற மொழி. மகனுக்குப் பிறந்த மொழி.

1947: மொழி வேறு, மண் வேறு

பிரிவினையின்போது பஞ்சாபும் வங்காளமும் இரண்டாக வெட்டப்பட்டன. சிந்து வெட்டப்படவில்லை; முழுவதும் பாகிஸ்தானுக்குப் போயிற்று. இந்தியாவுக்கு வந்த பஞ்சாபிக்கும் வங்காளிக்கும் தங்கள் மொழி பேசும் ஒரு பாதி மாநிலமாவது இங்கே இருந்தது. சிந்தி இந்துவுக்கு அதுவும் இல்லை. 1948 ஜனவரியில் கராச்சியில் நடந்த கலவரத்துக்குப் பின் வெளியேற்றம் வேகம் பிடித்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலிலும் ரயிலிலும் வந்து பம்பாய், குஜராத், ராஜஸ்தான், மத்திய இந்தியா என்று சிதறினர்.

பம்பாயை அடுத்த கல்யாணில், போர்க்காலப் படைமுகாமாக இருந்த இடம் அகதி முகாமாயிற்று. 1949 ஆகஸ்டில் கவர்னர் ஜெனரல் ராஜாஜி அங்கே அடிக்கல் நாட்ட, உல்லாஸ்நகர் என்ற பெயர் வந்தது. அவ்வூரின் பகுதிகளுக்கு இன்றும் முகாம் எண்களே பெயர். கட்ச் மகாராஜா அளித்த 15,000 ஏக்கரில் பாய் பிரதாப் முயற்சியால் காந்திதாம், ஆதிபூர் ஆகிய ஊர்கள் எழுந்தன.

வந்தவர்களோடு பழைய கேள்வியும் வந்தது. சிந்திப் பிள்ளைகளுக்கு எந்த எழுத்தில் பாடம் சொல்வது? 1950இல் இந்திய அரசு தேவநாகரி என்று அறிவித்தது. எதிர்ப்பு எழுந்தது. 1951இல் இரண்டு எழுத்துகளும் செல்லும் என்று ஆணை திருத்தப்பட்டது. ஜெய்ராம்தாஸ் தௌலத்ராம் போன்ற தலைவர்கள் தேவநாகரிப் பக்கம் நின்றனர். இனி நாம் வாழப்போவது இந்தி வழங்கும் நாட்டில், பிள்ளைக்கு எழுத்துச் சுமை குறையும், கடைசி உயிரும் எழுத்தில் தெரியும் என்பது அவர்களின் எண்ணம். எழுத்தாளர்களுள் பலர் அரபி எழுத்தைக் கைவிட மறுத்தனர். நூறு ஆண்டு இலக்கியம் அதில் இருக்கிறது. சிந்துவில் எழுதப்படுவதைப் படிக்க வேறு வழியில்லை. எழுத்தும் போனால் மண்ணோடு இருக்கும் கடைசி நூலும் அறுந்துவிடும் என்றனர்.

இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. இரண்டுக்கும் இடமளித்த ஆணையில் நடுநிலை இருந்தது என்றாலும் பள்ளிக்கூடத்தில் அதன் விளைவு நல்லதாக இல்லை. ஏற்கெனவே சிறிய வாசகர் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. பாடநூல் அச்சிடுவோர் இருமுறை அச்சிட வேண்டும். ஒரு எழுத்தில் வந்த கதையை மறு எழுத்து படித்த பிள்ளை படிக்க முடியாது. பெற்றோர் பலர் இந்தச் சச்சரவைக் கண்டு, வேலைக்கு உதவும் ஆங்கிலப் பள்ளிக்கோ இந்திப் பள்ளிக்கோ பிள்ளைகளை அனுப்பினர்.

1967 ஏப்ரல் 10 அன்று, 21ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தின் வழியாகச் சிந்தி எட்டாம் அட்டவணையில் சேர்ந்தது. அந்த நாள் சிந்தி மொழி நாளாகக் கொண்டாடப்படுகிறது. பாகிஸ்தானிலும் மொழிக்குப் போராட்டமில்லாமல் இல்லை. 1955 முதல் 1970 வரை மேற்குப் பாகிஸ்தான் ஒரே மாகாணமாக்கப்பட்டபோது சிந்து என்ற மாகாணமே இல்லாமல் போனது. 1972இல் சிந்தி மொழிச் சட்டம் வந்தபோது உருது பேசுவோர் எதிர்த்துக் கலவரம் மூண்டது. எனினும் அங்கே பள்ளி, நாளிதழ், அலுவலகம் எல்லாவற்றிலும் சிந்தி உயிரோட்டத்தோடு இருக்கிறது. ஆகவே 'அழியும் மொழி' என்று சிந்தியை ஒட்டுமொத்தமாகச் சொல்வது தவறு. எல்லைக்கு இந்தப் பக்கத்து நிலைமைதான் வேறு.

புனேயில் பத்து மாதம்

1969இல் மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் கீழ் அமைந்த மண்டல மொழி மையங்கள் மும்மொழித் திட்டத்துக்காகப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பிற மாநில மொழிகளைக் கற்பித்தன. தமிழ் கற்க வந்த வட இந்திய ஆசிரியர்கள் மைசூர் மையத்துக்குப் போனார்கள். மராத்தி, குஜராத்தி ஆகியவற்றோடு சிந்தியும் புனேயிலுள்ள மேற்கு மண்டல மையத்துக்கு ஒதுக்கப்பட்டது.

பயிற்சி பத்து மாதம். ஆசிரியர்கள் சம்பளத்தோடு விடுப்பில் வந்து, விடுதியில் தங்கி, எழுத்துக்கூட்டலிலிருந்து இலக்கியம் வரை படிப்பார்கள். நாற்பது வயது ஆசிரியர் மறுபடி பலகையைப் பார்த்து 'அ, ஆ' எழுதும் அனுபவம் எந்தப் பி.எட். படிப்பிலும் கிடைக்காது. திட்டத்தின் நோக்கம், கற்றவர் ஊர் திரும்பித் தம் பள்ளியில் அம்மொழியைக் கற்பிப்பது. மராத்தி கற்றவருக்கு அது பொருந்தும். எந்த மாநிலத்துக்கும் மொழியாக இல்லாத சிந்தியை மூன்றாம் மொழியாகக் கேட்கும் பள்ளி எங்கே இருக்கும்? திட்டம் மாநிலங்களை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. சிந்தி அதில் ஒட்டவைக்கப்பட்ட துண்டு என்றே தோன்றுகிறது. ஆனாலும் சிந்தியர் அல்லாத ஒருவர் முறையாகச் சிந்தி கற்க இந்தியாவில் இருந்த வழிகளுள் இது முக்கியமானது.

கோடை வகுப்பு

அமெரிக்காவில் பிறநாட்டு மொழிப் படிப்புக்கு அரசுப் பணம் பெருமளவில் வந்தது 1958ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தால். முந்தைய ஆண்டு சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியதன் அதிர்ச்சியில் பிறந்த சட்டம் அது. ஃபிரேர் காலத்தில் ஆட்சிக்காக மொழி. இங்கே பாதுகாப்புக்காக மொழி. இருந்தாலும் அந்தப் பணத்தில் படித்தவர்கள் கவிதையையும் வரலாற்றையும் ஆராய்ந்தார்கள் என்பது மகிழ்ச்சியான முரண்.

ஹார்வர்டில் 1967 முதல் கற்பித்த ஜெர்மானிய அறிஞர் ஆன்மேரி ஷிம்மல் சிந்தி இலக்கிய வரலாறு ஒன்றை 1974இல் வெளியிட்டார். ஷா லத்தீபைப் பற்றி 1976இல் விரிவாக எழுதினார். இவருக்கு முந்தைய இன்னொரு ஜெர்மானியப் பெண்மணி எல்சா காஜி. சிந்துப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஐ. ஐ. காஜியின் மனைவி. கணவர் பொருள் சொல்லச் சொல்ல ஷா லத்தீபின் பாடல்களை ஆங்கிலக் கவிதையாக்கினார்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாகத்தில் நடைபெறும் தெற்காசியக் கோடை மொழிப் பயிற்சியில் தமிழ், தெலுங்கு, சிங்களம் முதலியவற்றோடு சிந்தியும் இடம்பெறுவதுண்டு. ஓராண்டுப் பாடத்தை எட்டு வாரத்தில் முடிப்பது அதன் அமைப்பு. காலையில் தொடர்ந்து நான்கு மணி நேர அளவில் வகுப்பு. மீதிப் பொழுதெல்லாம் வீட்டுப்பாடம். முதல் வாரங்களில் 52 எழுத்துகள். அதற்குள்ளாகவே தன்னை அறிமுகம் செய்தல், விலை கேட்டல், வழி கேட்டல். வகுப்பில் விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்கள்தாம் இருப்பர். சூபி இலக்கியம் படிப்பவர், பிரிவினை வரலாறு ஆராய்பவர், சிந்துக் கிராமங்களில் களப்பணிக்குப் போகவிருப்பவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். இந்தியோ உருதோ முன்பே தெரிந்திருந்தால் சொற்களில் பாதி பழக்கமானவையாக இருக்கும்.

அந்தப் பழக்கமே தடையாவதும் உண்டு. இந்தி தெரிந்தவர் 'கிதாபு' என்பதைக் 'கிதாப்' என்று வெட்டிவிடுவார். உள்வாங்கும் ஒலியைச் சாதாரணமாக ஒலித்துவிட்டு, சரியாகச் சொன்னதாக நினைப்பார். எழுத்தில் தெரியாத உயிரையும் இந்தியில் இல்லாத ஒலியையும் எந்த நூலும் தனியே கற்பிக்க முடியாது. ஆசிரியர் சொல்ல, மாணவர் திருப்பிச் சொல்ல, மறுபடி ஆசிரியர் சொல்ல, அப்படித்தான் வர வேண்டும். பர்ட்டன் கடைத்திண்ணையில் பெற்றதை இங்கே நாள்தோறும் நான்கு மணி நேரம் ஒரே ஆசிரியர் வாயிலிருந்து பெறுகிறார்கள்.

பேரப்பிள்ளைகள்

இத்தகைய வகுப்புகளுக்கு வருவோருள் சிந்திக் குடும்பத்தாரும் உண்டு. இது புதிய செய்தி அன்று. மொழியியலாளர் லச்மண் குப்சந்தானி 1963இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் முடித்த ஆய்வே, இந்தியச் சிந்தியர் பேச்சில் இந்தி எப்படிப் படிகிறது என்பதைப் பற்றியது. பிரிவினை நடந்து பதினாறே ஆண்டுகள் ஆகியிருந்தன. மலேசியாவில் மாயா கெம்லானி டேவிட் 2001இல் வெளியிட்ட ஆய்வு, அங்குள்ள சிந்தியர் வீடுகளில் ஆங்கிலம் எவ்வாறு சிந்தியின் இடத்தைப் பிடித்தது என்று விவரித்தது. கோலாலம்பூர், சிங்கப்பூர், கொழும்பு ஆகிய ஊர்களில் துணிக்கடை வைத்த ஹைதராபாத் வணிகர்களின் வழிவந்தோர் அவர்கள். சண்டையோ தடையோ இல்லாமல், வீட்டுக்குள் ஒரு தலைமுறை மற்றொரு தலைமுறையிடம் வேறு மொழியில் பேசத் தொடங்கியதால் நேர்ந்தது அது.

இந்தியாவில் 1989இல் ஆதிபூரில் இந்திய சிந்தியியல் நிறுவனம் அமைந்தது. 1994இல் தொடங்கப்பட்ட தேசிய சிந்தி மொழி வளர்ச்சிக் குழு சான்றிதழ், பட்டய வகுப்புகளை நடத்தி வருகிறது. 2005இல் தேசிய கீதத்திலிருந்து 'சிந்து' என்ற சொல்லை நீக்கக் கோரிய வழக்கை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தபோது சிந்தியர் நிம்மதி அடைந்தனர்.

எழுத்துக் கேள்வி மட்டும் இன்னும் தீரவில்லை. தேவநாகரியில் நான்கு உள்வாங்கும் ஒலிகளுக்கும் அடிக்கோடிட்ட தனி எழுத்துகள் உண்டு. கணினிக்கான யூனிகோடு தரத்திலும் அவை சேர்க்கப்பட்டன. 1860களில் நிலைக்காமல் போன வணிகர் எழுத்தும் 2014இல் குதாவாதி என்ற பெயரில் யூனிகோடில் இடம் பெற்றது. ஆனால் கைப்பேசியில் பாட்டிக்குச் செய்தி அனுப்பும் பேரன் இவற்றுள் எதையும் தொடுவதில்லை. ரோமன் எழுத்தில் தட்டிவிடுகிறான். அதில் சுமைக்கும் குழந்தைக்கும் எழுத்துக்கூட்டல் ஒன்றே. சிலர் குழந்தைக்கு மட்டும் முதலில் இரண்டு 'பி' போட்டு எழுதுகிறார்கள்.